பற்றரி மேற் போட்ட பழி

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு விழா மலரில் எழுதப் புகுவது தகுமோ என வினவுவாரும் இருக்கக்கூடும். ஆயின், கல்முனைக் கரையோரத்து ஊர்களில் அது பொழுதுபோக்குக்குரிய வாகனம் அன்று. உழைப்பாளியின் வலக்கை எனலாம். ஆசிரியப் பணி நிமித்தம் நாம் சாய்ந்தமருதிற் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். வடக்கே கல்முனை, தெற்கே மாளிகைக்காடு, அதனையடுத்துக் காரைதீவு, மேற்கே வயல், கிழக்கே கடல் என நெருங்கி அமைந்த ஊர் அது. விடியுமுன் கரையில் மீன் வாங்கி, பனிக்கட்டியிட்ட பெட்டியை வண்டியின் பின்னே கட்டி, மேற்குப்புறத்து வயலூர்களுக்குக் கொண்டு செல்லும் வியாபாரிகளை நாம் நாள்தோறும் கண்டோம். இருளில் விளக்கு மங்கினால் வழியில்லை. வண்டி நின்றால் மீன் கெடும். மீன் கெட்டால் அன்றைய முதலும் போயிற்று.

அத்தகையோருள் ஒருவர் எமது அயல்வீட்டார். வயதில் மூத்தவராதலின் நாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். எட்டு மாதத்துள் அவர் மூன்று பற்றரி வாங்கிவிட்டார். “சேர், புதிசு போட்டாப் பத்து நாளைக்கு நல்லா இரிக்கி, பொறகு பழய கதைதான். பற்றரியெல்லாம் போலியாத்தான் வருது” என்று அவர் ஒருநாள் மனம் நொந்து கூறினார். வேறு வண்டி வாங்குவதும் அப்பொழுது எளிதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டியைப் பேணுவதன்றி உழைப்பாளிக்கு வேறு வழி இருக்கவில்லை.

மூன்று பற்றரிகள் ஒரே வகையிற் கெடுமாயின், ஐயம் பற்றரி மேற் செல்வது முறையன்று. அதற்கு உணவூட்டும் வழிமேற் செல்லவேண்டும். அவ்வழி எளியது. எஞ்சினோடு சுழலும் காந்தம் அதனருகே நிலையாக உள்ள கம்பிச் சுருளில் மின்னைத் தூண்டுகின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்ட உண்மை இதுவே. கராஜுகளில் ‘மக்னட் கொயில்’ எனப்படும் அச்சுருளிற் பிறப்பது ஆடலோட்டம். அதனை நேரோட்டமாக்கி, அளவுக்கு மேற் செல்லாது தடுத்துப் பற்றரிக்கு அனுப்புவது ‘றெகுலேற்றர்’ என வழங்கும் சிறு பெட்டி. பிறப்பிடம், சீராக்கி, பற்றரி, இவற்றை இணைக்கும் வயர் என உறுப்புக்கள் நான்கே. ஆயினும் முதல் மூன்றின் மேற் பழி சுமத்துவோர் நான்காவதை நினைப்பது அரிது.

நாம் முதற்கண் செய்தது, வண்டி இரவு முழுவதும் நின்றபின் பற்றரியின் முனைகளில் மீற்றரை வைத்துப் பார்த்ததே. நிறைந்த பற்றரி ஓய்வு நிலையில் 12.6 உவோல்ற்றுக்குக் குறையாது காட்டும், அது 12.1 காட்டியது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது பொருள். அடுத்து எஞ்சினை இயக்கி, விளக்கையும் ஏற்றி, வேகத்தை நிமிடத்துக்கு 3000 முதல் 4000 சுழற்சி வரை ஒலியால் மட்டிட்டு உயர்த்தினோம். நலமுள்ள வண்டியாயின் பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.5 உவோல்ற்று வரை தோன்றவேண்டும். இங்குக் கண்டது 12.6. ஊட்டம் செல்லவில்லை என்பது தெளிவாயிற்று. எங்கே நின்றது என்பதே வினா.

றெகுலேற்றரின் வெளிவாயிலில் மீற்றரை வைத்தோம், 14.2 காட்டியது. ஆகவே பிறப்பிடமும் சீராக்கியும் குற்றமற்றவை. 1.6 உவோல்ற்று வழியிலேயே மறைந்தது. அதனைக் காண ஓடும் எஞ்சினில் றெகுலேற்றரின் நேர்முனைக்கும் பற்றரியின் நேர்முனைக்கும் இடையே அளந்தோம், 1.2 உவோல்ற்று. றெகுலேற்றரின் உடலுக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே 0.4. இவ்விரண்டும் 0.2 அளவில் அடங்கியிருத்தல் வேண்டும்.

இருக்கையைக் கழற்றினோம். பின்னே கட்டிய பெட்டியிலிருந்து உருகிய பனிநீர், மீனின் உப்போடும் கடற்காற்றின் உப்போடும் சேர்ந்து, அடியிலிருந்த வயர் இணைப்பின் மேல் நாள்தோறும் சொட்டியிருந்தது. இணைப்பின் பித்தளை பச்சை பூத்துக் கிடந்தது; பிளாத்திக்குக் கூடு சூட்டாற் பழுப்பேறியிருந்தது. வண்டியின் உடலோடு பொருந்தும் புவித்தொடுப்பு ஆணியும் துருவேறியிருந்தது.

அப்போது அருகிருந்த கராஜ் இளைஞர், “அந்த வயரை நான் பல்ப் வச்சுப் பாத்தன் சேர், நல்லா எரிஞ்சிச்சே” என்றார். அவர் கூறியது பொய்யன்று. எனினும் 3 உவாற்றுச் சோதனை விளக்கு கால் அம்பியரே இழுக்கும். 0.4 ஓம் தடை கொண்ட இணைப்பில் அது 0.1 உவோல்ற்றையே இழக்கும். ஆதலின் விளக்கு குறையின்றி எரியும். வண்டியின் 35 உவாற்று முன்விளக்கோ ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். அப்பொழுது அதே இணைப்பு 1.2 உவோல்ற்றை விழுங்கிவிடும். தடையின் குணம் ஓட்டம் பாயும்போதே வெளிப்படும். பகலில் விளக்கின்றி ஓடுவோர்க்கு இக்குற்றம் தோன்றாது. விடியுமுன் விளக்கேற்றி ஓடுபவர்க்கே தோன்றும். புதிய பற்றரி தன் சேமிப்பைக் கொண்டு பத்து நாள் குற்றத்தை மறைத்தது. பின்னர் பழியையும் தானே ஏற்றது.

இணைப்பை வெட்டியெறிந்து, புதியதை ஈயம் பற்றவைத்து, நீர் சொட்டாத இடத்திற்கு உயர்த்திக் கட்டினோம். ஆணியைச் சுரண்டி, கிறீஸ் பூசி முடுக்கினோம். மீண்டும் அளந்தபோது பற்றரி முனைகளில் 14.0 நின்றது. மூன்றாவது பற்றரியை ஓரிரவு சார்ஜ் ஏற்றி அதனையே பூட்டினோம், நாலாவது வேண்டியிருக்கவில்லை.

இணைப்பிற் குறை காணாவிடின் மேலும் சில சோதனைகள் உள. எஞ்சினை நிறுத்தி, மக்னட் கொயிலின் வயர்களைக் கழற்றித் தடையைப் பார்க்கலாம். மூன்று வயர் உள்ள வகையில் எவ்விரண்டுக்கு இடையேயும் தடை ஒத்திருக்கவேண்டும். அவற்றுக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருத்தலாகாது. பற்றரியில் 15 உவோல்ற்றுக்கு மேற்பட்டால் குற்றம் பெரும்பாலும் றெகுலேற்றருடையது; பற்றரி கொதித்து வற்றிவிடும். வண்டி நிற்கும்போதே பற்றரி இறங்குமாயின் மின்கசிவைத் தேடவேண்டும்: 50 மில்லியம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி போகும். 5 அம்பியர்-மணிப் பற்றரி நாலு நாளில் வெறுமையாகும். ஓடும் எஞ்சினிற் பற்றரியைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் கூடாது. அது றெகுலேற்றரையே பலியாக்கக்கூடும்.

அளந்து பார்த்தல் அந்நிலத்துக்குப் புதிதன்று. 1892இல் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானவர். 1947இல் அரங்கேறிய யாழ் நூலிலும், மறைந்துபோன இசைக்கருவியை அவர் கணக்கின் துணைகொண்டே தேடினார். இந்துக் கல்லூரிகளிற் பயின்ற நமக்கு இதனினும் நல்ல முன்னோடி வேண்டுவதில்லை.

கராஜ் இளைஞர் இப்பொழுது பற்றரி விற்குமுன் மீற்றர் வைத்துப் பார்க்கின்றார். நம் கல்லூரி ஆய்கூடத்திலும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை நிறுத்தி, இச்சோதனைகளை மாணவர் தம் கையாற் செய்ய வகை செய்தல் நன்று. ஓமின் விதியைப் பரீட்சைத்தாளில் எழுதி மறப்போர் பலர். ஒருவரது பிழைப்பைக் காக்க அதனைப் பயன்படுத்தியவர் மறப்பதில்லை. கல்லூரி நீடு வாழ்க.