வால்யூம் 30

காரில் பாட்டு கேட்பதற்காக 10,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா செலவு செய்வதில்லை என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டுக் கடன் ஒரு பக்கம், பையனின் பள்ளிக் கட்டணம் ஒரு பக்கம். போதாததற்கு, இந்த வருடம் யாருக்கும் சம்பள உயர்வு கிடையாது என்பதை நாலு பத்தி நன்றியுரைக்குப் பிறகு சொல்லும் மின்னஞ்சல் அந்த மாதம்தான் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. காரோ பத்து வருடப் பழைய மாருதி, இரண்டாம் கையாக வாங்கியது. அதற்கு 10,000 என்பதே அதிகம் என்றாள். நியாயம்தான்.

ஆனால் எனக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா போன பிறகு அப்பா மாதத்தில் பாதி நாள் எங்களுடன் சென்னையிலும் பாதி நாள் போளூர்ப் பக்கம் எங்கள் ஊரிலுமாக இருக்கிறார். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவர் கை ஸ்டீரியோவுக்குப் போகும். 15-இல் இருக்கும் வால்யூம் 20 ஆகும், 25 ஆகும், வாலாஜா வருவதற்குள் 30. அந்த அளவில் பழைய ஸ்பீக்கர்கள் பாடாது, கிழியும். பாடகர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து அழுவதுபோல இருக்கும். அப்பா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சுடா. மாத்திடு" என்பார்.

அவர் சொன்னால் நான் நம்புவேன். ஏனென்றால் அவர் முப்பத்தைந்து வருடம் மைக் செட் வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் வீட்டுக் கூம்புக் குழாய்கள்தான் பனைமரத்தில் ஏறும். விடியற்காலை சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் வழியாகச் சினிமாவுக்குள் நுழைவது அவர் வைத்திருந்த ஒழுங்கு. இரவில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே கோணி விரித்துப் படுப்பார். எந்தக் குழாயில் காயில் போகப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தது அந்தக் குழாய்கள் சம்பாதித்த பணத்தில்.

ஆக, ஒரு சனிக்கிழமை ஜெனரல் பீட்டர்ஸ் சாலைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய ஆண்ட்ராய்டு திரை, டிக்கியில் ஒரு சப்வூஃபர் என்று ஆரம்பித்தார். பட்ஜெட்டைச் சொன்னதும் குரல் இறங்கியது. "அப்போ ஸ்டீரியோ மட்டும் மாத்திக்கோங்க சார், ஐம்பது வாட் இன்ட்டு நாலு."

கல்லூரியில் படித்ததில் நினைவில் நிற்கும் சில சமன்பாடுகளில் ஒன்று அங்கே கைகொடுத்தது. வண்டி ஓடும்போது மின்சாரம் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, தடையின் இரண்டு மடங்கால் வகுத்தால் 26 வாட் வருகிறது. தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத வழக்கமான ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குச் சிதறாமல் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடைமுறையில் அதிலும் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் 50 என்பது கண நேர உச்சத்தின் கணக்கு. என்னிடம் ஏற்கெனவே இருந்த ஸ்டீரியோவும் இதே ஜாதிதான், மாற்றுவதில் லாபமில்லை.

அதைவிட, ஸ்பீக்கர் வாங்கும்போது யாரும் பார்க்காத ஒரு எண்ணைப் பார்ப்பது நல்லது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்று அட்டையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், மூன்று டெசிபல் வித்தியாசத்தில் ஆம்ப்ளிஃபயரை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். கையில் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் வாட்.

ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி 3,200. கதவில் பொருத்த மர வளையம், வயர், கிளிப் எல்லாம் சேர்த்து 600. 2,800 ரூபாய்க்கு, ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய கருப்பு ரப்பர் ஷீட்டுகள். "பாட்டு கேக்க ஷீட் எதுக்கு?" என்றாள் மனைவி. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. காரின் கதவோ உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகரம். பின்பக்கத்துச் சத்தம் அந்த ஓட்டைகள் வழியாக வந்து முன்பக்கத்துச் சத்தத்தை அழித்துவிடும், முக்கியமாகக் கனமான சத்தங்களை. ஓட்டைகளை அடைத்து, தகரம் அதிராமல் ஷீட்டை ஒட்டினால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிடும். கூடவே சாலை இரைச்சலும் உள்ளே வருவது குறையும். நெடுஞ்சாலையில் சின்ன காருக்குள் எப்படியும் 70 டெசிபலை ஒட்டி இரைச்சல் இருக்கும். பாட்டு அதற்கு மேலே ஏறித்தான் கேட்க வேண்டும். இரைச்சலைக் கொஞ்சம் இறக்கினால் பாட்டை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டியதில்லை.

கூலி மிச்சம் பிடிக்க, ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் பார்க்கிங்கில் நானே உட்கார்ந்தேன். ஷீட்டை இளக்க மனைவியின் ஹேர் டிரையர், அழுத்தித் தேய்க்கச் சப்பாத்திக் கட்டை. கதவின் உள்பலகையைக் கழற்றும்போது நாலு கிளிப் உடைந்தது. அலுமினிய விளிம்பு விரலைக் கிழித்தது. மாலை நாலு மணிக்கு இரண்டு கதவும் முடிந்து பாட்டைப் போட்டேன். குரல் சுத்தமாக இருந்தது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியைக் காணோம். குரலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் காற்றில் தொங்கியது. ஒரு மணி நேரம் ஈக்வலைசரை நோண்டினேன். 6,600 ரூபாயும் ஒரு ஞாயிறும் போனதுதான் மிச்சம் என்று தோன்றியது.

அப்பா டீ டம்ளரோடு இறங்கி வந்தார். இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, கதவில் உள்ளங்கையை வைத்தார். "லெஃப்ட்டுக்கு மட்டும் போடு" என்றார். பாலன்ஸை இடது கடைசிக்குத் திருப்பினேன். தொப்பி வந்தது. "ரைட்டு." வந்தது. "நடுவுல வை." போய்விட்டது.

"ரெண்டும் சண்ட போடுதுடா. ஃபேஸ் மாறிக்கிச்சு. கடியாரத்து செல்லு ஒண்ணு எட்த்தா."

சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கொண்டுவந்தேன். ஸ்டீரியோவின் பின்னால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றச் சொல்லி, வயர் நுனிகளில் ஒரு நொடி பேட்டரியைத் தொட்டார். வலது ஸ்பீக்கரின் கூம்பு வெளியே எட்டிப் பார்த்தது. இடது ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போனது. இடது கதவில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வயரை மாற்றினேன். தொப்பி நெஞ்சில் அடித்தது. அப்பா எதுவும் சொல்லாமல் மிச்ச டீயைக் குடித்தார். நான்கு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தவர் சொல்லியிருக்கக்கூடிய எதையும் அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பினோம். எனக்கு 14 போதுமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவர் கை நீண்டது. 20. 25. 30. இப்போது ஸ்பீக்கர் கிழியவில்லை. என் காதுதான் வலித்தது.

"இன்னுமா கேக்கலை?" என்று கத்தினேன்.

"பாட்டு கேக்குது. இன்னா பாடுறான்னுதான் புரியல."

வண்டியை ஓரம் கட்டவில்லை. படத்தில் வருவதுபோல எதுவும் நடக்கவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒரு வருடத்துக் காட்சிகள் வரிசையாக வந்தன. ஃபோன் வந்தால் பேரனிடம் கொடுத்துவிடுவார். பையன் பள்ளிக்கூடக் கதை சொன்னால் சிரிப்பார், பதில் மட்டும் வேறெதற்கோ இருக்கும். சாப்பிடும்போது நான் ஒன்றைச் சொல்லி, அவர் "இன்னாது?" என்று கேட்டு, திரும்பச் சொல்லி, மறுபடி கேட்டு, மூன்றாவது முறை நான் கத்தி, அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துவிடுவார். அம்மா போன பிறகு அப்பா ஒடுங்கிவிட்டார் என்று குடும்பத்தில் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்ட எனக்கும் வரவில்லை.

காது பரிசோதனையின் வரைபடம் எனக்குப் பழகிய மொழிதான்: கிடையில் அதிர்வெண், நெடுக்கில் டெசிபல். கனமான சத்தங்களில் கோடு ஓரளவு நேராகப் போய், 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிணற்றில் இறங்கியது. ஆழம் 4000-ஐ ஒட்டி. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது பெரும்பாலும் இப்படித்தான் போகும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்புக் கணக்கு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அப்பா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர். என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "மைக் செட்டு" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

அ, ஆ, ஓ எல்லாம் கனமான பகுதியில் இருக்கின்றன. ச, த, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூர்மையான சத்தங்கள் மேலே, அந்தக் கிணற்றுப் பக்கம். அதனால் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. கத்தினால் உயிரெழுத்துகள்தான் பெருக்கும், மெய்யெழுத்துகள் அந்த அளவுக்கு ஏறாது. வரம்பைத் தாண்டி ஏற்றிய ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வெட்டிவிடும், சத்தம் இருக்கும், பாட்டு இருக்காது. வாலாஜா பக்கத்தில் பழைய ஸ்பீக்கர்கள் செய்த அதே வேலையைச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு காதுக்கு 28,000 ரூபாய் என்றார்கள். இரண்டுக்கும் 56,000. இரண்டு காதிலும் போடுவதுதான் நல்லது என்று தெளிவாகச் சொன்னார்கள். நான் கேட்ட முதல் கேள்வி: "இப்போதைக்கு ஒரு காதுக்கு மட்டும் போட்டால் போதாதா?" ஸ்பீக்கர் வாங்கும்போது ஒன்று போதுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான். யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தோம். படியிறங்கும்போது அப்பா, "அதெல்லாம் வேணாம்டா. இன்னும் எத்தினி நாளுக்கு" என்றார். நான் கேட்டது அவருக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று விரும்பினேன். அந்த ஒன்றை மட்டும் அவர் காது சரியாகப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பாட்டைப் போடவில்லை. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை ஒன்றில் வைத்து, அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். ஷீட் ஒட்டிய கதவுகள் சாலையை வெளியிலேயே நிறுத்தின. இடது சீட்டில் இருப்பவரின் வலது காது என் பக்கம், இருப்பதில் தேவலையான காது அதுதான். கத்தாமல், வார்த்தை வார்த்தையாக, சிக்னலில் நிற்கும்போது முகம் பார்த்துப் பேசினேன். ஒரு தேரோட்டத்தில் ஜெனரேட்டர் நின்றுபோய், லாரி பேட்டரிகளைக் கோத்து விடியும்வரை ஓட்டிய கதையைச் சொன்னார். "லாரிக்காரன் ஒத்துக்கிட்டானாப்பா?" என்று கேட்டேன். "அவனுக்குப் பிடிச்ச பாட்டா போட்டேன். ஒத்துக்காம?" கேட்ட கேள்விக்கு நேரான பதில். எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை. புது ஸ்பீக்கர்கள் அணைந்தே இருந்தன.

பட்ஜெட்டில் 3,400 மிச்சம் இருந்தது. சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சேர்த்து வைத்திருந்தது. அதை முன்பணமாகப் போட்டு, மீதியைப் பன்னிரண்டு மாதத் தவணைக்கு மாற்றினோம். இரண்டு காதுக்கும். கணக்குப் போட்டது மனைவிதான். எந்தச் செலவை நிறுத்துவது என்று அவள் கேட்கவே இல்லை, அவளே எழுதி வைத்திருந்தாள்.

மாட்டிய அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒரு திருப்பத்தில் அப்பா நிமிர்ந்தார்.

"இன்னாடா அது, டிக்கு டிக்குனு?"

"இண்டிகேட்டர்பா."

"எப்பவும் வருமா?"

"எப்பவும் வரும்."

கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாட்டைப் போட்டார். அவருக்காக நான் ட்ரெபிளை ஆறு வரை ஏற்றி, பாலன்ஸை அவர் பக்கம் தள்ளி வைத்திருந்தேன். 12-லேயே முகம் சுளித்தார்.

"எவன்டா இத செட் பண்ணது? ஒரே கீச்சுனு இருக்குது. ட்ரெபிள இறக்கு."

இறக்கினேன்.