செவ்வாயில் காம்பரா யாருக்குச் சொந்தம்?

வேற்றுக் கோளில் போய் வாழ விருப்பமா என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் கை தூக்கிவிடுவார்கள். இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். நமுனுகுல மலைக்கு மேலே, மழை விட்ட இரவுகளில், செவ்வாயைச் சிவந்த புள்ளியாகப் பார்த்தவர்கள். அவர்களுடைய ஆசையை நான் குறைத்துப் பேசுவதில்லை. 2012இல் நெதர்லாந்தில் 'மார்ஸ் ஒன்' என்றொரு திட்டத்தை அறிவித்தார்கள். போனால் திரும்பி வர வழியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியும் உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அந்த நிறுவனம் 2019இல் திவாலாகிவிட்டது. ஆனாலும் போக ஆள் இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே விருப்பத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. யார் செலவில் போகிறார்கள், இறங்கிய இடத்தில் வீடு யாருடையது, அங்கே பிறக்கிற பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை என்பவைதான் என் கேள்விகள். மலையகத்தில் பிறந்தவருக்கு இவைதான் முதலில் வரும்.

எங்கள் முன்னோரும் புது உலகத்துக்கு வந்தவர்கள்தான். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கட்டத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் இருந்தன. ஆள் கட்ட வந்த கங்காணியின் கையில் முன்பணம் இருந்தது. பின்னாளில் தேயிலை வந்தபோது, அந்தச் செடியின் அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். எங்கள் ஊவாப் பகுதிக்கு வந்தவர்கள் அதற்கப்பாலும் மலையேறினார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் பலர்.

வந்து சேர்ந்தவர்களைக் கடன் பிடித்துக்கொண்டது. இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆளை விடுகிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 ஆகிவிட்டது.

2020 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஈலோன் மஸ்க் ஒரு செய்தி வெளியிட்டார். செவ்வாய்க்குப் போகப் பணமில்லாதவர்களுக்குக் கடன் கிடைக்கும், அங்கே வேலை நிறைய இருக்கும் என்றார். உலகம் அதைத் தாராள மனசு என்று படித்திருக்கலாம். எனக்கோ அப்பாயி சொன்ன கங்காணிக் கதைகள்தான் நினைவுக்கு வந்தன. முன்பணமும் வேலையும் ஒரே கையிலிருந்து வந்தால், அந்தக் கை சுலபத்தில் விடாது.

செவ்வாயில் இதைவிட மோசமாகலாம். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் பெரும்பகுதி கரியமில வாயு. சராசரிக் குளிர் உறைநிலைக்குக் கீழே 60 பாகை. மூச்சுக்காற்றையும் தண்ணீரையும் யாராவது இயந்திரம் வைத்துத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். தோட்டத்தில் வேலையிலிருந்து நிற்பாட்டினால் பற்றுச்சீட்டு என்ற விலக்குக் கடிதம் வரும். லயம் என்ற வரிசை வீட்டில் இருக்கும் ஒற்றை அறையை, அந்தக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். வேலையும் வீடும் ஒரே முடிச்சு. செவ்வாயில் அந்த முடிச்சில் மூச்சும் சேர்ந்துகொள்ளும். 1940இல் பதுளைக்கருகே வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் துணிந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகும் அவர்களால் மூச்சுவிட முடிந்தது.

வீடு அடுத்தவருடையதாக இருப்பதன் விலையை 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கருகே மீரியபெத்தையில் பார்த்தோம். மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லேயே எச்சரித்திருந்தது. ஏன் அவர்கள் விலகிப் போகவில்லை என்று வெளியிலிருந்து பலர் கேட்டார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணிகூட இல்லாதவருக்கு எச்சரிக்கை வெறும் செய்திதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த மலைகளை நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம் என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. வந்தவர்கள் கல்லை நட்டு மாரியம்மனாக்கினார்கள். மாசியில் காமன் கூத்து ஆடினார்கள். ஒவ்வொரு மலைக்கும் தங்கள் வாயில் நுழையும் பெயர் வைத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே உலகமாயிற்று. அந்த உலகத்தில் அவர்கள் யாருமில்லை என்றது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் மூன்று லட்சம் பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் முடிவு செய்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

அப்பாயியின் அண்ணன் குடும்பமும் போனது. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். 'ஊருக்குப் போகிறோம்' என்று சொல்லிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலை மலையிலேயே கூடை சுமந்தார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர் வந்தது.

மனிதர் எங்கும் வேர் விடுவார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். செவ்வாயிலும் விடுவார்கள். அங்கே உடல் எடை பூமியில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குதான். அந்த எடையில் வளர்ந்த பிள்ளையின் எலும்பு பூமியைத் தாங்குமா என்பது மருத்துவத்துக்கே இன்னும் விடை தெரியாத கேள்வி. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒருநாள் 'உன் ஊருக்குத் திரும்பிப் போ' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் கோள்களைச் சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அங்கே குடியிருக்கப் போகிறவரின் வீட்டுரிமையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் நிபந்தனைகளிலோ, செவ்வாய் சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்று 2020இலேயே எழுதிவிட்டார்கள். அரசு கைவிட்ட இடத்தில் கம்பனியே சட்டம் என்பதை அனுபவித்தவர்கள் நாங்கள்.

கை தூக்கிய பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: போங்கள், ஆனால் கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள். வேலையை விட்டாலும் வீடும் காற்றும் எனக்கு உண்டா? என் பிள்ளை பிறந்த நாளிலேயே பிரஜையா? திரும்பிவர நினைத்தால் என் கடன் குறுக்கே நிற்குமா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவர் எந்தக் கோளுக்குக் கூப்பிட்டாலும் அவர் ஆள் கட்டும் கங்காணிதான். இங்கேயும் இரு நூற்றாண்டுகள் ஆகியும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களின் கையில் காணி உறுதி இல்லை. முதலில் அதைக் கொடுக்கட்டும். பூமியில் செய்து பார்க்காத நியாயத்தை வேறு கோளில் செய்வார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவுமில்லை.