முளைவிடும் வரை...

"அங்கே கொசு, கரெண்ட் வேறு போய்ப் போய் வரும்" என்று சாக்குச் சொல்லியே மாமனார் ஊருக்குப் போவதைத் தள்ளிப் போட்டவள்தான் நானும். சென்னையில் வளரும் என் ஆறு வயது மகனுக்குக் கேட்டது ஐந்து நிமிஷத்தில் கிடைத்தாக வேண்டும். தட்டில் சோறு மீந்தால் கவலையே கிடையாது.

2024 ஆடிப்பெருக்குக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்குப் போனோம். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை அந்த வருஷம் ஜூலை 28-இல்தான் திறந்தது. ஆற்றுப் பாசனத்தையே நம்பியிருக்கும் மாமா குறுவை போடவில்லை. வயல் வெறிச்சென்று கிடந்தது.

"ஏன் தாத்தா ஒண்ணுமே நடலை?"

"தண்ணி வரலைடா தம்பி."

"கடையிலே வாங்கிக்கலாமே?"

மாமா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

படித்துறையில் புதுத் தண்ணீர் நுரைத்து ஓடியது. பையனின் கையை நான் விடவே இல்லை. அத்தை மஞ்சள், காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டார்.

"ஆத்துக்கு எதுக்கு அப்பாயி இதெல்லாம்?"

"நமக்குச் சோறு போடறவளாச்சே, வெறுங்கையோட வந்து பார்க்கலாமா?"

மறுநாள் மாமா சம்பாவுக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப் போட்டார். திங்களன்று எடுத்து, வைக்கோலால் மூடிப் பாரம் வைத்தார். பையன் அரைமணிக்கொருதரம் போய் வைக்கோலை விலக்கிப் பார்த்தான்.

"சும்மா சும்மா தொறந்தா சூடு போயிடும் தம்பி. அவசரப்பட்டா முளைக்காது" என்றார் மாமா.

அதையே நான் நூறு தடவை அதட்டிச் சொல்லியிருக்கிறேன். நெல் சொன்னபோதுதான் அவனுக்கு உறைத்தது! பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு எழுதிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளை வெளேரென்று முளை! உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான்.

"இது சோறாக எத்தனை நாள்மா ஆகும்?"

"ஐந்து மாசமாவது ஆகும்."

அன்றைக்கே சோற்றை மீதம் வைப்பதை விட்டுவிட்டான் என்றால் அது பொய். ஆனால் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "தாத்தா, எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தான். அந்தப் போனுக்காக மாமா சாப்பிடாமல்கூடக் காத்திருப்பாராம், அத்தை சொன்னார். பொங்கலுக்குப் போனபோது கதிர் தலை சாய்ந்திருந்தது. தாத்தாவும் பேரனும் வரப்பில் நின்றதைப் பார்த்து, இத்தனை வருஷம் இருவரிடமிருந்தும் எதைப் பறித்து வைத்திருந்தேன் என்று நினைத்துக் கண் கலங்கினேன்.

சகோதரிகளே, கொசுவுக்கு வலை இருக்கிறது, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கலாம். அடுத்த லீவுக்கு நீங்களும் சாக்குத் தேடாமல் மூட்டையைக் கட்டுங்களேன்!