சின்ன ஆம்ப், பழைய கச்சேரி

பழைய கச்சேரி ஒலிநாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவது என் தொழில். ஸ்பூல் டேப், கேசட் இரண்டும் செய்கிறேன். நாடாவை வெளியே கொடுத்தனுப்ப மனம் வராதவர்கள்தான் அதிகம். தாத்தா சபாவில் முன் வரிசையில் உட்கார்ந்து எடுத்தது, அப்பா வானொலியிலிருந்து பிடித்து வைத்தது, வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது என்பார்கள். அது நியாயம்தான். ஆகவே டெக், லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன் என்று எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஹெட்போன் ஆம்ப் எப்போதும் இருக்கும். நாடாவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் எடுக்கும் முடிவெல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் காதுக்கு வருகிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்கு அதுவே காரணம்.

‘எந்த ஆம்ப் வாங்கலாம்?’ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, ‘எந்த ஹெட்போன் வைத்திருக்கிறீர்கள்?’ என்பதைத்தான். ஆம்ப் தனியாக நல்லது, கெட்டது என்று ஒன்றும் கிடையாது. நான் வேலைக்கு வைத்திருப்பது சென்ஹைசர் எச்.டி. 650. 2003-இல் வந்த மாடல், 300 ஓம். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி வரும் என்பது கம்பெனியே தரும் கணக்கு. 103 என்பது சாதாரணச் சத்தம் இல்லை. அப்படியானால் 1 வோல்ட் தரும் ஆப்பிளின் சின்ன டாங்கிளே போதுமே என்று தோன்றும். நன்றாக மாஸ்டர் செய்து வெளிவந்த ஆல்பத்தை வீட்டில் கேட்க அது உண்மையிலேயே போதும். (சில ஆண்ட்ராய்டு போன்களில் அந்த டாங்கிள் முழு அளவுக்கு ஒலி தராது. போனில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.)

என் நிலைமை வேறு. நாடாவை மாற்றும்போது உச்ச ஒலி முழு அளவைத் தொடாமல் 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி லெவல் வைப்பேன். ஆலாபனையில் எல்லாம் அடங்கி இருக்கும்; தனி ஆவர்த்தனத்தில் திடீரென்று விழும் ஒரு மிருதங்கச் சாப்பு லெவல் முள்ளைச் சிவப்புக்குத் தள்ளிவிடும். அங்கே உடைந்த ஒலியை அப்புறம் யாராலும் ஒட்ட முடியாது. 12 டெசிபல் கீழே வைத்தால் 1 வோல்ட் டாங்கிளிலிருந்து எனக்குக் கிடைப்பது உச்சத்தில் கால் வோல்ட்தான். அதில் சாப்பு கேட்கும். ஆனால் அடிநாதமாகப் போகும் தம்பூராவும், பாடகர் அடுத்த சங்கதிக்கு முன் இழுக்கும் மூச்சும், நாடாவின் இரைச்சலுக்கும் அறையின் மின்விசிறிச் சத்தத்துக்கும் நடுவே மறைந்து போகும். இழந்த அந்த 12 டெசிபலைத் திரும்பப் பெற நான்கு மடங்கு வோல்டேஜ், அதாவது 4 வோல்ட் வேண்டும். 300 ஓமில் 4 வோல்ட் என்றால் 53 மில்லிவாட்.

பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘32 ஓமில் 250 மில்லிவாட்’ என்று ஓர் ஆம்ப் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் தேவையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்காகத் தெரிகிறது. 32 ஓமில் 250 மில்லிவாட்டுக்கு வேண்டிய வோல்டேஜ் 2.8 சொச்சம். அந்த ஆம்புக்கு அதற்கு மேல் வோல்டேஜ் ஏறாது என்றால், 300 ஓமில் அது தருவது 27 மில்லிவாட்டை எட்டாது. எனக்கு அது பாதி. ஆக, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது மில்லிவாட்டை அல்ல. அதிகபட்சம் எத்தனை வோல்ட் என்பதையும், உங்கள் ஹெட்போனின் ஓமில் எவ்வளவு தரும் என்பதையும். 300 ஓமுக்கான எண்ணைத் தராத தயாரிப்பை நான் எடுப்பதில்லை.

வோல்டேஜ் எளிதான விஷயம். இன்றைக்குக் கிடைக்கும் பாதி ஆம்ப்கள் அதைக் கொடுத்துவிடும். எனக்கு அதைவிட முக்கியம் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போனுக்கு முன்னால் ஆம்பின் பக்கம் தொடராக நிற்கும் ஓம்.

பழைய கேசட் டெக்குகளில் ஹெட்போன் ஜாக் இருக்கும். அதிலேயே செருகிக் கேட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஜாக்கின் பின்னால் பெரும்பாலும் 100 ஓமோ அதற்கு மேலோ ஒரு ரெசிஸ்டர் தொடராகப் போட்டிருப்பார்கள். ஹெட்போன் எல்லா சுருதியிலும் ஒரே ஓம் காட்டுவதில்லை. எச்.டி. 650 நடு ஸ்தாயியில் 300 ஓம் காட்டினால், 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஏறி 500-ஐ நெருங்கும். 120 ஓம் ரெசிஸ்டர் குறுக்கே நின்றால், 300 ஓம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். 500-ஐ நெருங்கும் இடத்தில் 2 டெசிபல்தான் குறையும். கீழ்ப்பகுதி மட்டும் 1 டெசிபல் தூக்கலாகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி பேசும் இடமும் அதுவேதான். தொப்பியில் வரும் கும்கி பருத்துக் கேட்கும். சத்தம் கொஞ்சம் அதிகம் என்று நினைத்து அந்தப் பகுதியை நான் குறைத்துவிட்டால், சுத்தமான கருவியில் கேட்கும் குடும்பத்தாருக்கு மிருதங்கம் ஒடுங்கிப் போயிருக்கும். வாசித்த வித்வான் ரவை ஒட்டி, தொப்பியை ஈரப்படுத்தி, அந்த நாதத்துக்காகச் செய்த வேலையை நான் ஒரு ரெசிஸ்டரால் கெடுத்ததாகும். தராசு தன் எடையையும் சேர்த்துக் காட்டினால் அதை வைத்து எதையும் நிறுக்க முடியாது.

இயர்போன்காரர்களுக்கு இது இன்னும் கடுமை. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் பல வைத்த இயர்போன்களில் ஓம் பயங்கரமாக ஏறி இறங்கும். ஓர் இடத்தில் 8 ஓமும் இன்னோர் இடத்தில் 40 ஓமும் காட்டும் இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால் இரண்டு இடத்துக்கும் நடுவில் 5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அது வேறு இயர்போனே ஆகிவிடும். ஆம்ப் 1 ஓம் என்றால் வித்தியாசம் 1 டெசிபலுக்குள் அடங்கும். ஆம்பின் ஓம் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பலரும் வைத்திருக்கும் அளவுகோல். நான் அதற்கும் கீழே, 1 ஓமுக்குள் இருப்பதையே பார்க்கிறேன். அப்படி இருந்தால் எந்த ஹெட்போனைச் செருகினாலும் கவலை இல்லை.

அடுத்தது இரைச்சல். நாடாவிலேயே ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் உண்டு. அதை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் என் வேலையில் பாதி. தம்பூராவின் ஜீவா அந்த இரைச்சலோடு கலந்துதான் இருக்கும். கூடுதலாகத் துடைத்தால் ஜீவாவும் போய்விடும். ஆம்பே தன் பங்குக்கு ஓர் இரைச்சலைச் சேர்த்தால் எது நாடா, எது பெட்டி என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். இதையும் ஹெட்போனை வைத்தே கணக்குப் போட வேண்டும். 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஆம்பில் என் எச்.டி. 650-ஐச் செருகினால் அந்த இரைச்சல் 3 டெசிபல் வரும். எந்த வீட்டிலும் கேட்காது. அதே ஆம்பில் 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் தரும் இயர்போனைச் செருகினால் 28 டெசிபல். ராத்திரி அமைதியில் தெளிவாகக் காதில் விழும். இரைச்சல் 2 மைக்ரோவோல்ட் என்றால் 14 டெசிபலுக்கு இறங்கிவிடும். எழும்பூரில் ரயில் ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொண்டு அன்றைய பதிவைத் திரும்பக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரே ஆம்ப் இரண்டுக்கும் ஆக வேண்டும் என்பதால் இந்த எண்ணை விட்டுக்கொடுப்பதில்லை. கெயின் சுவிட்ச் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். இயர்போனுக்குக் குறைந்த கெயின், 300 ஓமுக்கு அதிக கெயின்.

வால்யூம் திருகு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருகும் வகை வால்யூமில் உள்ளே இரண்டு தடங்கள் இருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஆரம்பத்தில், முள் எட்டு மணி நிலையில் இருக்கும்போது, இரண்டும் ஒன்றாக ஏறுவதில்லை. ஒரு காது முந்தும். பழைய கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. மோனோ பதிவை டெக்கின் ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டும்போது குரல் நெற்றிக்கு நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஹெட்டின் அசிமுத், அதாவது நாடாவை அது தொடும் கோணம், சரியில்லை என்றால் புள்ளி கலைந்து ஒரு பக்கம் சாயும், தாளத்தின் கூர்மை மழுங்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஹெட்டின் பக்கத்துத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, புள்ளி கூடும் இடத்தைக் காதால் பிடிப்பேன். பாடகரின் ‘ச’காரம் பளிச்சென்று தெளியும் கணம் ஒன்று வரும்; அங்கே நிறுத்த வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கணம் அது. ஆம்பின் வால்யூமே இடப்பக்கம் சாய்ந்திருந்தால், நாடா சரியாக இருக்கும்போதும் நான் திருகிக்கொண்டே இருப்பேன்.

சோதிப்பது சுலபம். மோனோப் பாட்டு ஒன்றைப் போட்டு வால்யூமை மிகக் கீழே வைத்துக் கேளுங்கள், பிறகு ஏற்றுங்கள். கீழே சாய்ந்த குரல் மேலே வரும்போது நடுவுக்கு வந்தால் குறை திருகில். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிய பிறகும் குரல் அதே காதுப் பக்கம் சாய்ந்தால், காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். டிஜிட்டலாகப் படிப்படியாக ஏறும் வால்யூமில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் படிகள் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு படிக்கு 2 டெசிபல் தாவினால் எனக்கு ஆகாது.

பேட்டரியில் ஓடுவது பையில் வைப்பதற்கான வசதி மட்டும் இல்லை. பழைய வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்காது. டெக் ஒரு பிளக்கில், லேப்டாப் சார்ஜர் இன்னொரு பிளக்கில் என்றால் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்துவிடும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து நேராக ஒரு பேட்டரி ஆம்புக்கு எடுத்தால் அந்தப் பாதை மின்சாரத்திலிருந்து விலகிவிடுகிறது. நாடாவில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஹம் எது, இன்றைய வீட்டு ஹம் எது என்று பிரித்தறிய எனக்கு அதுவே வழி. அதற்கு ஆம்பில் அனலாக் இன்புட் வேண்டும். இப்போது வருபவற்றில் பல யு.எஸ்.பி. மட்டும் வைத்து இதை எடுத்துவிட்டார்கள். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. எனக்கு உண்டு. ப்ளூடூத் இருந்தால் இருக்கட்டும், வேலைக்கு உதவாது.

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக் பற்றி நிறையக் கேட்கிறார்கள். 2016-இல் ஜப்பானில் தரநிலையாக வந்தது. உறுதியான ஜாக், 2.5 போல வளைந்து ஒடியாது. அதில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், 300 ஓம் ஹெட்போனுக்கு அது பயன். ஏற்கெனவே போதுமான வோல்டேஜ் இருந்தால் அதற்காகத் தனி ஒயர் வாங்க வேண்டியதில்லை. உள்ளே எந்த சிப், 768 கிலோஹெர்ட்ஸ் ஓடுமா என்பதெல்லாம் நான் பார்ப்பதே இல்லை. நாடாவில் 20 கிலோஹெர்ட்ஸே முழுதாக இருக்காது.

இந்தச் சின்னப் பெட்டிகளின் வரலாற்றில் இரண்டு பேரை நன்றியோடு நினைக்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர் 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் சில பாகங்களும் வைத்து ஒரு சர்க்யூட்டை வெளியிட்டார். மிட்டாய் தகர டப்பாவுக்குள் அடங்கும் அளவு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அதைச் சால்டர் செய்து கற்றுக்கொண்டார்கள். ரிச்சி தெருவில் பாகங்களைப் பொறுக்கி நானும் செய்தேன். அதன் பிறகு 2011-இல், தன் பெயரைச் சொல்லாமல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், ஓ2 என்ற வடிவமைப்பை அளவீடுகளோடு எல்லோருக்கும் திறந்து வைத்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை இணையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டார். இணையாக இருப்பதால் அவுட்புட்டில் அரை ஓம் சொச்சம்தான். விலை மலிவான பாகங்கள். வேலையில் குறை இல்லை. அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டார். ‘நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே, அளந்து காட்டு’ என்ற பழக்கம் இந்தத் துறையில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைக்கு மலிவு விலை ஆம்பிலும் அளவீடுகளைத் தேடிப் பார்க்க முடிகிறதென்றால் அவர் போட்ட பாதையும் ஒரு காரணம்.

பலமான ஆம்ப் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் நாள் முழுக்கக் கேட்பவன், அதற்கும் கீழேயே வைக்கிறேன். இயர்போனைச் செருகும் முன் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள், கெயின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். அதிக கெயினில் மறந்துவிட்ட ஆம்பும், சின்ன வோல்டேஜுக்கே உரக்கப் பேசும் இயர்போனும் சேர்ந்தால் ஒரு நொடி போதும்.

வாங்கப் போகும்போது உங்கள் ஹெட்போனை எடுத்துப் போங்கள். எதையும் ஓட்டாமல் வால்யூமை முக்காலுக்கு ஏற்றி முதலில் இரைச்சலை மட்டும் கேளுங்கள். பிறகு வால்யூமை இறக்கி, மோனோப் பாட்டு ஒன்றைப் போட்டு, கீழ் நிலையில் குரல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். போனை ஆம்ப் மேல் வைத்து ஒரு கால் போட்டுப் பாருங்கள். 2ஜி-க்கு இறங்கும் இடங்களில் ‘டிர் டிர்’ என்று குறுக்கிடும் ஆம்ப்கள் இன்னும் விற்கின்றன. கடைசியாக, பேட்டரியை மாற்ற முடியுமா, பின்பக்கம் ஸ்க்ரூ இருக்கிறதா அல்லது ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில், மூடிய காரில் கிடக்கும் பையில் லித்தியம் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துவிடும். மற்ற எல்லாம் சமமாக இருந்தால் ஸ்க்ரூ உள்ளதையே எடுங்கள்.