பார்க்கிறவன் எங்கே நிற்கிறான்?

துப்பாக்கி விளையாட்டுகளுக்குக் கேமரா எழுதுவது என் தொழில். மேப் கட்டுகிறவர்கள் வேறு, துப்பாக்கியை ஆணி ஆணியாக மாடல் செய்கிறவர்கள் வேறு. அவர்கள் செய்து வைத்த உலகத்தை ஆடுகிறவன் எந்தக் கண்ணால் பார்க்கப்போகிறான், குறி வைக்கிற பட்டனை அழுத்தினால் அந்தக் கண் என்ன ஆகும் என்பது என் பொறுப்பு. போன வருஷம் அதிலிருந்து விலகிச் சிவகாசிக்கே வந்துவிட்டேன். வருவதற்கு முன்னால் நடந்த ரிவியூவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "எஃப்ஓவிக்கு இவ்வளவு பேச்சு எதுக்கு சார்? ஒரு ஸ்லைடர் வச்சுட்டா முடிஞ்சது. அவனவனுக்குப் பிடிச்சதை அவனவன் வச்சுக்குவான்" என்றார். எஃப்ஓவி என்றால் திரைக்குள் அடங்கும் பார்வைக் கோணம். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் நான் பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள். அதுதான் உறைத்தது.

அந்தத் தம்பி எழுதிய ஸ்கோப் கோடை அன்றைக்கு ராத்திரியே பிரித்துப் பார்த்தேன். நாலு எக்ஸ் என்றால் ஸ்கோப் இல்லாதபோது இருக்கும் 80 டிகிரியை நாலால் வகுத்து 20 ஆக்கியிருந்தார். எட்டு எக்ஸ் என்றால் 10. கோணத்தை இப்படி வகுக்கவே கூடாது. உருவம் திரையில் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது பாதிக் கோணத்தின் டேன்ஜென்டில் இருக்கிறது. 80 டிகிரியிலிருந்து நாலு மடங்கு வேண்டுமானால் 23.7 டிகிரி வைக்க வேண்டும். அவர் வைத்த 20 டிகிரி 4.76 மடங்கு கொடுக்கும். எட்டு எக்ஸில் பிசகு இன்னும் பெரிது, 9.6 மடங்கு. ஸ்லைடரை 103-க்குத் தள்ளிவிட்டு ஆடுகிறவனுக்கோ அதே நாலு எக்ஸ் ஐந்தரை எக்ஸ் ஆகிவிடும். இருவர் ஒரே ஸ்கோப்பை எடுத்து மாட்டுகிறார்கள். ஒருவனுக்கு எதிரி கூடுதல் பெரிதாகத் தெரிகிறான். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவன் செய்கிற காரியமா இது? கேட்டால், "டெஸ்டிங்ல யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல சார்" என்கிறார்கள்.

கணக்குப் பிழையைத் திருத்திவிடலாம். அதற்கு அடியில் ஒரு சிக்கல் கிடக்கிறது. இத்தனை வருஷம் என்னைத் தூங்கவிடாதது அதுதான். அதை எனக்கு முதலில் காட்டியது கம்ப்யூட்டர் அல்ல, காலண்டர்.

பள்ளிக்கூட லீவில் எங்கள் தெருவில் இருந்த ஒரு அச்சகத்தில் எடுபிடியாக நின்றேன். அங்கே லேஅவுட்டும் நெகட்டிவும் பார்த்தவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் அச்சகத்தில் நின்று பேச நேரம் இருக்காது. அப்போதும் அண்ணாச்சி புரூஃபை மேஜையில் வைத்து ஓகே சொல்லமாட்டார். முதலில் லூப் என்கிற பூதக்கண்ணாடியை வைத்து அச்சுப் புள்ளிகளைப் பார்ப்பார். பிறகு தாளைச் சுவரில் குத்திவிட்டு வாசல் நிலைவரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்ப்பார். "இது டீக்கடையில தொங்கப்போவுது தம்பி. பாக்குறவன் எங்க நிக்கான்? அத முதல்ல பாரு" என்பார்.

ஒருமுறை நகைக்கடை முதலாளி ஒருவர் தன் கடை முகப்பையே காலண்டரில் போடச் சொன்னார். குறுகலான தெரு. போட்டோகிராபர் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு 24 எம்எம் லென்ஸில் எடுத்திருந்தார். கடை மாளிகையாக விரிந்துவிட்டது. ஓரத்தில் நின்ற வாட்ச்மேன் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டு ஒன்றேகால் ஆள் அகலத்துக்கு நின்றார். முதலாளிக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. அண்ணாச்சி ஸ்கேலை எடுத்தார். 36 மில்லிமீட்டர் பிலிம் 36 சென்டிமீட்டர் தாளாகிறது, பத்து மடங்கு. அப்படியானால் லென்ஸின் 24 மில்லிமீட்டரும் பத்து மடங்காகும். "இருபத்தி நாலு சென்டிமீட்டர். ஒரு சாண் தள்ளி மூக்க வச்சுப் பாத்தா இந்தப் படத்துல எல்லாம் சரியா இருக்கும். எவன் காலண்டர ஒரு சாண்ல வச்சுப் பாப்பான்?" என்றார். என்னைக் கூப்பிட்டு ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, மறு கண்ணுக்கு நேராகத் தாளைப் பிடித்தார். வாட்ச்மேன் சாதாரண ஆளாகிவிட்டார். முகப்பின் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான இடைவெளியில் பின்வாங்கின. தாளை எட்டப் பிடித்ததும் மறுபடி இழுபட்டார். அந்த ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொண்டதுக்கு மேல் பெர்ஸ்பெக்டிவ் பற்றி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் வெளியே ஒரு புள்ளி இருக்கிறது. கண் அங்கே இருந்தால்தான் படத்தின் அளவுகள் உண்மை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் வகுத்த விதி அது. எனக்கு அதைக் காட்டியவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

இனிப் போனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை இன்ச் போனைப் படுக்கைவாக்கில் பிடித்தால் திரை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அகலம். முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் அது கண்ணில் அடைக்கும் இடம் வெறும் 28 டிகிரி. அந்த 28 டிகிரி ஜன்னலுக்குள் நாங்கள் 80 டிகிரி உலகத்தைத் திணிக்கிறோம். அண்ணாச்சி கணக்குப்படி இந்தப் படத்தை 9 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 103 டிகிரி வைத்தால் 6 சென்டிமீட்டர். யாராலும் முடியாது. அதனால் உலகம் முழுவதும் மூன்றேகால் மடங்குக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 3.36 மடங்கு, சுருங்கித் தெரிகிறது. நூறு மீட்டரில் நிற்கிற 1.7 மீட்டர் ஆள் நிஜ அளவில் தெரிய வேண்டுமானால் அந்தத் திரையில் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர், ஒரு கடுகு. கடுகின் கையில் என்ன துப்பாக்கி என்று பையன் கண்டுபிடிக்க வேண்டும்!

அவன் நாலு எக்ஸ் மாட்டுகிறான். கடுகு 6 மில்லிமீட்டர் ஆகிறது. நிஜமாக அந்த இடத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் தெரிந்திருக்கும் அளவைவிட ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். போனில் நாலு எக்ஸ் ஸ்கோப் வெறுங்கண்ணின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அகலக் கோணம் பறித்துக்கொண்டதை ஜூம் திருப்பிக் கொடுக்கிறது. இதை நான் எத்தனை மீட்டிங்கில் போர்டில் வரைந்து காட்டியிருப்பேன்! "அதெல்லாம் தியரி சார்."

தியரி இல்லை என்று எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் தெரியும், காரணம் தெரியாவிட்டாலும். பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலை லீவு விட்ட அன்று தெருமுனைத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஆடுவார்கள். "அண்ணே, ஃபோர் எக்ஸ் இருந்தா போடுங்க, ஒண்ணுமே தெரியல" என்கிற குரல் நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கும். 2020 செப்டம்பரில் அவர்கள் ஆடிய பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் தடை வந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022-ல் மறுபடி காணாமல் போய் 2023-ல் வந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் விடாத ஆசை ஐபேட் வியூ. நாலுக்கு மூன்று டேப்லெட் திரையில் மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும். போனிலேயே அதை வரவழைக்க என்னென்னவோ பைல் தேடி ஏற்றுகிறார்கள். சின்னத் திரையில் இன்னும் அதிக உலகத்தை அடைத்தால் ஆள் இன்னும் சின்னதாவான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் ஸ்லைடர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நம்ப முடியாதவர்கள் அடுத்த தீபாவளிக்கு ஒன்று செய்து பாருங்கள். ஃபேன்சி வெடி வானத்தில் விரிவதைப் போனில் எடுத்து, அதே போனில் பாருங்கள். தலைக்கு மேல் பந்தல் போட்டது, வீடியோவில் மூலையில் ஒரு பொட்டாக நிற்கும். கேமரா மோசம் என்று நினைத்துக்கொள்கிறோம். போனின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 எம்எம் பார்வை கொண்டது, நகைக்கடையை எடுத்த அதே அகலம். திரும்பப் பார்க்கும் ஜன்னல் 28 டிகிரி. மூன்று மடங்கு சுருங்கத்தான் செய்யும்.

இந்தச் சுருக்கத்துக்கு ஈடுகொடுத்தவர்களும் உண்டு. செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ஆர்மா விளையாட்டுகளில், டேஇசட்டிலும்கூட, ஸ்கோப்பே இல்லாமல் பட்டனை அழுத்திப் பிடித்தால் காட்சி நெருங்கி வரும். "மனுஷக் கண்ணுக்கு ஜூம் உண்டா? இதுவா ரியலிசம்?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை வந்ததே அந்தப் பட்டனால்தான். 24 இன்ச் மானிட்டர் 53 சென்டிமீட்டர் அகலம். 60 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 48 டிகிரி. அதில் 90 டிகிரியைக் காட்டினால் உலகம் 2.26 மடங்கு சுருங்கும். ஆகவே இரண்டேகால் மடங்கு நெருங்கி வரும் ஜூம்தான் மனிதக் கண்ணின் உண்மையான அளவு. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பக்கவாட்டில் 180 டிகிரிக்கு மேல் தெரிகிறது. கூர்மையாகத் தெரிவதோ நடுவில் இரண்டு டிகிரிதான். பக்கத்தில் ஆள் அசைவதும் தெரிய வேண்டும், தூரத்து ஆளின் கையும் தெரிய வேண்டும். ஒரு பெட்டிக்குள் இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க வழியில்லை. அதனால் காலத்தைப் பிரித்தார்கள்: பட்டனை அழுத்தாதபோது விளிம்புப் பார்வை, அழுத்தும்போது நடுப்பார்வை. இதைவிட நேர்மையான தீர்வை நான் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறதென்றால், "ஈ-ஸ்போர்ட்ஸில் இது நியாயமில்லை." எல்லோருக்கும் இருக்கும் ஒரு பட்டனில் என்ன அநியாயம்?

கவுண்டர் ஸ்டிரைக்கில் ஏடபிள்யூபி துப்பாக்கியின் முதல் ஜூம் 90-லிருந்து 40 டிகிரி, அதாவது 2.75 மடங்கு. மேஜை மானிட்டரில் அது ஏறக்குறைய நிஜ அளவு. இரண்டாம் ஜூம் 10 டிகிரி, 11.4 மடங்கு, அதுதான் உண்மையில் ஸ்கோப். முதல் ஜூமில் மவுஸ் வேகமும் படத்தோடு சேர்ந்து குறைய வேண்டும் என்று கணக்குப்போட்டு, 0.819 என்ற விகிதத்தைக் கண்டுபிடித்துப் பரப்பியவர்கள் ஆடுகிறவர்கள். டேன்ஜென்ட் விகிதத்தைக் கோண விகிதத்தால் வகுத்தால் வரும் எண் அது. ஆடுகிற பையன் போடுகிற கணக்கை, சம்பளம் வாங்குகிறவன் போட மறுக்கிறான்.

நிஜ ஸ்கோப்பைப் பற்றியும் ஒன்று. அமெரிக்க ராணுவம் பயன்படுத்தும் ஏகாக் நாலு எக்ஸில் தெரிவது 7 டிகிரி உலகம். நாலு மடங்கு பெருகிக் கண்ணில் அது ஏறக்குறைய 28 டிகிரி வட்டமாக விழும். 30 சென்டிமீட்டரில் பிடித்த போனின் முழு அகலமும் அதே 28 டிகிரிதான்! போனில் உண்மையான நாலு எக்ஸ் காட்ட வேண்டுமானால் வட்டமே திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சுற்றிக் கறுப்பு வளையம் வரைய இடமே கிடையாது. ரெட் ஆர்கெஸ்ட்ரா 2, எஸ்கேப் ஃப்ரம் தார்கோவ் மாதிரி விளையாட்டுகள் ஸ்கோப்புக்குள் தனிப் படம், வெளியே தனிப் படம் என்று இரண்டுமுறை வரைகின்றன. மேஜைக் கம்ப்யூட்டரில் அழகான வேலை. போனில் சூடும் ஏறும், மேலே சொன்ன காரணத்தால் அர்த்தமும் இல்லை. "தார்கோவ் மாதிரி வேணும்" என்று கேட்டு வந்த குறிப்புக்கு நான் இந்தக் கணக்கை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. துப்பாக்கியின் போல்ட் சத்தத்தைப் பதிவு செய்ய வெளியூருக்கு ஆள் போனது மட்டும் நடந்தது.

ஸ்லைடர் எங்கிருந்து வந்தது என்றும் இந்தத் தலைமுறைக்குத் தெரியவில்லை. 43 இன்ச் டிவி 95 சென்டிமீட்டர் அகலம். சோபாவில் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் 22 டிகிரிகூட இல்லை, போனைவிடச் சின்னது. அதனால் டிவியில் ஆடும் கன்சோல் விளையாட்டுகளுக்கு 65 டிகிரி மாதிரிக் குறுகலான கோணம் வைத்தார்கள். அதே கோணத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மூச்சு முட்டியது, பலருக்குக் குமட்டியது. அவர்கள் சத்தம் போட்டு வாங்கியதுதான் ஸ்லைடர். ஆடுகிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்காததற்குப் போட்ட ஒட்டு அது. கேட்க வேண்டிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

விலகுவதற்கு முன் நான் கொடுத்த கடைசிக் குறிப்பு அரைப் பக்கம்தான். செட்டிங்ஸில் ஸ்லைடருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம்: திரை அகலம், கண்ணிலிருந்து தூரம். போன் என்றால் அகலம் போனுக்கே தெரியும்; தூரம் மட்டும் போதும், ஒரு சாணா, ஒரு முழமா என்று கேட்டால்கூடப் பையன் சொல்லிவிடுவான். அதை வைத்து முதல் ஜூமை நிஜ அளவில் நிறுத்துங்கள். நாலு எக்ஸ், எட்டு எக்ஸ் எல்லாம் அங்கிருந்து தொடங்கட்டும். "யூசர் ஃபார்ம் நிரப்பமாட்டான்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஐபேட் வியூவுக்காக எங்கெங்கோ பைல் தேடி ஏற்றுகிறவனா ஒரு எண் நிரப்பமாட்டான்? இந்தப் பக்கத்தில் யாராவது புதிதாக விளையாட்டு செய்கிற பிள்ளைகள் இருந்தால், விருதுநகர் ஆனாலும் ராஜபாளையம் ஆனாலும், வாருங்கள். கோடை நானே எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.