தலைநகரில் இரண்டு நாள்

சனி, ஞாயிறு இரு தினங்களிலும் கொழும்பைச் சுற்றிப் பார்ப்பதென்று வீட்டிலே முடிவானதும், ஆசிரியத் தொழிலின் பழக்கம் எம்மை விடவில்லை. அப்பியாசக் கொப்பியொன்றை எடுத்துக் கோடு கீறி, கல்லூரிக்கு நேரசூசி வகுப்பது போலவே இரண்டு நாட்களையும் பாடவேளைகளாகப் பிரித்தோம். பார்க்கவேண்டிய இடங்கள் பதினான்கு. உண்ணவேண்டிய வேளைகள் ஆறு. எழுதி முடித்ததைப் பெருமையோடு அம்மாவிடம் நீட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்துவிட்டு, "தம்பி, இதிலே மூச்சு விடுகிறதுக்கு எத்தனை மணிக்கு எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார்.

அம்மா எம்முடன் வரச் சம்மதித்ததே பெரிய காரியம். எந்தை கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தார். வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் எமது குடும்பம் வாழ்ந்தது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது அகதி முகாமில் சில நாள் தங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினோம். அப்பொழுது நாம் தவழும் பருவத்தைக் கடந்திருந்த சிறு குழந்தை. அதன்பின் கலியாண வீடுகளுக்குக்கூட அம்மா கொழும்புக்கு வந்ததில்லை. அச்சந்தான் காரணமென்று நாமும் வற்புறுத்தாமல் விட்டோம். இம்முறை பேர்த்தி கேட்டதற்காக உடன்பட்டார்.

எமது முதலாவது நேரசூசி உதவாதென்று கொழும்பிலே பல்லாண்டு வாழ்ந்த சக ஆசிரியர் ஒருவர் எடுத்துரைத்தார். புகழ்பெற்ற இடங்களைப் புகழின் வரிசையில் எழுதியிருந்தோமேயன்றி, அவை எங்கெங்கே உள்ளன என்பதைச் சிந்திக்கவில்லை. அவ்வாறு சென்றால் பொழுதில் பாதி காலி வீதி நெரிசலிலேயே கழிந்துவிடும். ஆகவே சனிக்கிழமையை நகரின் வடபாகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமையைக் கறுவாத்தோட்டத்துக்கும் ஒதுக்கினோம். புறக்கோட்டையில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்குமாதலால் இந்த ஒழுங்கே பொருத்தமானது. கொழும்புக்குச் செல்லும் வாசகர்களும் இவ்வாறு செய்வார்களாயின் காலும் காசும் மிச்சமாகும்.

வெள்ளி இரவு பேருந்தில் ஏறி, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கினோம். உறவினர் வீட்டில் நீராடி, இடியப்பமும் சொதியும் உண்டு, முதலிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குச் சென்றோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லினாற் புதுப்பித்த திருத்தலம் இது. வெளியே வெயில் கொளுத்தினாலும், கல் மண்டபத்தினுள்ளே கால் வைத்ததும் குளிர்ந்தது. அங்கிருந்து பொற்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு வழியாக நடந்தால் புறக்கோட்டை. செங்கல் நிறமும் வெண்மையும் கோடு கோடாக மாறிவரும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை, 1909ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அக்கட்டிடத்தை, பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். நடைபாதை வியாபாரிகளின் கூச்சலுக்கிடையே இரு பிள்ளைகளையும் ஒரு முதியவரையும் சிதறாமற் கூட்டிச் செல்வது பரீட்சை மண்டபத்தை மேற்பார்வை செய்வதிலும் கடினம்.

சைவக் கடையொன்றிலே சோறுண்டபின் தாமரைக் கோபுரம். ஏறக்குறைய 350 மீற்றர் உயரமுள்ள இக்கோபுரம் 2022ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மேலிருந்து நோக்கினால் துறைமுகமும், பேரை வாவியும், கடலும் ஒரே படமாகத் தெரிந்தன. மகன் எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டினான். அம்மாவோ தென்றிசையை மாத்திரமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையிற் காலிமுகத்திடல். 1859ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் அமைத்த இந்த உலாவிடத்தில் பட்டங்களும் பிள்ளைகளும் கடற்காற்றும் என்றும் குறைவதில்லை. இறால் வடை இவ்விடத்தின் புகழ்பெற்ற பண்டம். சைவராகிய எமக்கு அதன் வாசனை இலவசமாகக் கிடைத்தது. நாம் மாங்காயும் அன்னாசியும் உப்புத் தூளிட்டு வாங்கினோம். அப்பொழுதுதான் அம்மா, "நாளைக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் தா, தம்பி. வெள்ளவத்தையிலே ஒரு வேலை இருக்குது" என்றார். கொப்பியைப் புரட்டினோம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. துணைவியார் எமது கையிலிருந்த பேனாவை வாங்கி, சுதந்திரச் சதுக்கத்தை ஒரே கோட்டினால் வெட்டிவிட்டார்.

மறுநாட் காலை அந்த ஒழுங்கைக்குச் சென்றோம். காலி வீதியிலிருந்து ஏழாவது படலை எமது வீடு என்று அம்மா எண்ணிக்கொண்டே நடந்தார். ஏழாவது படலையும் இல்லை, எட்டாவதும் இல்லை. இரண்டு காணிகளையும் ஒன்றாக்கி எழுந்த அடுக்குமாடிக் கட்டிடமே அங்கு நின்றது. காவலாளி எழுந்து வந்து சிங்களத்தில் யாது வேண்டுமென்று வினவினார். நாம் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில், அம்மாவின் வாயிலிருந்து சிங்களம் தங்குதடையின்றிப் பெருகிற்று. பிள்ளைகள் திகைத்தனர். அவ்வளவு காலமும் யாழ்ப்பாணத்து வீட்டில் எவரும் கேட்டிராத குரல் அது.

எட்டாவது படலையிலே ஒரு சிங்களக் குடும்பம் இருந்ததாம். அக்கலவரத்தில் இரண்டு இரவுகள் எம்மைத் தங்கள் சமையலறையின் பின்னே மறைத்து வைத்தவர்கள் அவர்களே. மூன்றாம் நாள் முகாமுக்கு வண்டி வந்த அவசரத்தில், அந்த வீட்டு அம்மாளிடம் ஒரு சொல்லும் சொல்லாமலே அம்மா ஏறிவிட்டார். அவர்கள் எங்கே சென்றனரென்று காவலாளிக்குத் தெரியவில்லை. அயலிலிருந்த முதிய தையற்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவரும் பின்னாளில் வந்தவர். அம்மாவுக்கு நாற்காலி கொடுத்தார்கள், தேநீர் தந்தார்கள். அதைக் குடித்து முடிக்குமட்டும் அவர் ஒன்றும் பேசவில்லை. "ஒரு நன்றி சொல்லாமல் வந்திட்டேன். அந்த முகத்தோடே எப்படித் திரும்பி வாறது என்றுதான் இருந்தேன்" என்று பின்பு சொன்னார். அச்சமென்று நாம் எண்ணியிருந்தது அச்சமன்று.

பின்னர் காலி வீதியிற் சைவக் கடையொன்றில் மசாலாத் தோசை உண்டோம். சம்பள நாளன்று எந்தை பொதிசெய்து கொண்டுவருவது அதுவே என்று அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னார். இதுவும் எமக்குப் புதிய செய்தி.

எஞ்சிய பொழுதை 1877ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய நூதனசாலைக்கே கொடுத்தோம். கண்டி மன்னரின் சிங்காசனத்தையும், பொலனறுவையிற் கிடைத்த நடராசர் வடிவத்தையும் கண்டபின் ஒரு கல்லின் முன்னே நின்றோம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் காலத்தது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911ஆம் ஆண்டிற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் எழுத்துக்கள் உண்டு. சீனத்திற் புத்தருக்கும், தமிழிலே தேவேந்திரமுனைத் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமிய நெறிக்கும் காணிக்கை கூறுவது. "ஏன் மூன்று மொழி?" என்று மகள் கேட்டாள். "ஆருக்குச் சொல்ல வேணுமோ அவருக்கு விளங்க வேணுமல்லவா" என்றார் அம்மா. வரலாற்று ஆசிரியர் எவரும் இதனிலுஞ் சுருக்கமாக விளக்கியிரார்.

1982ஆம் ஆண்டுமுதற் பாராளுமன்றம் அமைந்துள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையையும் கங்காராமையையும் பார்க்க இயலவில்லை. பதினான்கில் ஐந்தே நிறைவேறின. மகனுக்குச் சிறிது மனக்குறை. அவனை இரவு காய்கறிக் கொத்துரொட்டி ஒருவாறு சமாதானஞ் செய்தது. குடும்பத்தோடு தலைநகருக்குச் செல்வோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: இடங்களைத் திசைவாரியாகப் பிரியுங்கள், மதியத்து வெயிலுக்குக் கூரையுள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு காலைப்பொழுதை வெறுமையாக விட்டு, வீட்டிலே மூத்தவர் கையிற் பேனாவைக் கொடுங்கள்.

திரும்பிவரும் இரவுப் பேருந்தில் நாம் கண்ணயர்ந்தோம். புத்தளம் தாண்டியபின் விழித்தபோது, பின்னாசனத்திலிருந்து மெல்லிய குரல்கள் கேட்டன. "எக்க, தெக்க, துன" என்று அம்மா சொல்லிக்கொடுக்க, பேர்த்தி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.