அத்தை திருத்தச் சொன்ன கதை

பத்து வருஷங்களுக்கு முன்பு நான் ஒரு கதை எழுதினேன். ஒரு நாடக நடிகை; அவளோடு ஜோடியாக நடிக்கும் பாடகன். காதல், கல்யாணம், மனஸ்தாபம், பிரிவு. கடைசியில் அவன் அற்பாயுசில் இறந்துபோகிறான். அவனுடைய கிராமபோன் தட்டு ஒன்றைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டே, பாட்டு முடிகிற சமயத்தில் அவளும் கண்ணை மூடிவிடுகிறாள். கதை ஒரு வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. படித்து அழுததாகப் பலர் கடிதம் எழுதினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கரூரிலிருந்து அத்தை டெலிபோன் செய்தாள்.

"ஏண்டா, அவளை எதுக்குடா கொன்னே?"

நான் பெயரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றியிருந்தேன். ஆனாலும் அது கே. பி. சுந்தராம்பாள் என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. யாருக்குத்தான் புரியாது! "கதைக்கு அப்படி ஒரு முடிவு தேவைப்பட்டது, அத்தை" என்றேன். "உன் கதைக்குத் தேவைப்பட்டதுக்காக அவ சாகணுமா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தைக்குக் கோபம் வந்தால் நேரில் போய்ச் சமாதானம் செய்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். போவதற்கு முன்னால், நியாயம் பேசுவதற்காகக் கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். எழுதுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வீட்டில் சோற்றுக்கே கஷ்டம். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு யாரோ ஒரு பெரிய மனிதர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று சொல்வார்கள். அந்தப் பெரிய மனிதர் யார் என்பதில் ஆளுக்கு ஒரு கதை. ரயில் மட்டும் எல்லாக் கதையிலும் வருகிறது.

அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகம் இன்றைக்கு நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படும். ராஜபார்ட்டுக்காரர் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவாள். ஒத்திகை என்று ஒன்றும் கிடையாது. 'வள்ளி திருமணம்' என்றால் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே! மேடையில் வேடன் ஒரு பாட்டைப் போட்டால் தினைப்புனத்தில் நிற்கிற வள்ளி அந்த இடத்திலேயே அதற்குப் பதில் பாட்டுப் போட வேண்டும். தர்க்கம் விடிய விடிய நடக்கும். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் கொட்டகையில் கூச்சல் கிளம்பிவிடும். ஒலிபெருக்கி வராத நாட்களில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் சொல் சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும். சுந்தராம்பாளின் குரல் அந்தக் கொட்டகைகளில் விளைந்த குரல். பிற்காலத்துச் சினிமாப் பாட்டில்கூட அவர் ஒரு எழுத்தையும் விழுங்குவதில்லை.

செங்கோட்டை கிட்டப்பாவும் அவரும் முதலில் சேர்ந்து நடித்தது இலங்கையில். கிட்டப்பாவோடு பாடி ஈடுகொடுக்க முடியாது என்று அவரைப் பலர் பயமுறுத்தினார்களாம். ஈடுகொடுத்தார். 1927-ல் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி உண்டு. பிறகு மனஸ்தாபம், பிரிவு, கிட்டப்பாவின் உடல்நலக் குறைவு. 1933 டிசம்பர் 2-ந் தேதி, இருபத்தேழு வயதில், கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைப் புடவையும் திருநீறுமாக மாறினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார்.

என் கதை இந்த இடத்தில் முடிந்துவிட்டது. நான் முடித்துவிட்டேன். அவரோ அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருஷம் இருந்தார்.

அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

1964-ல், இருபத்து மூன்றாவது வயதில், அத்தை கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். வெள்ளைப் புடவை கட்டிக்கொள்கிறாயா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கொடி மேல் போட்டிருந்தார்கள். ஒரு வருஷம் வாசற்படி தாண்டவில்லை. 1965-ல் 'திருவிளையாடல்' வந்தது. சாமி படம் என்பதால் பாட்டி தைரியமாக அவளையும் அழைத்துக்கொண்டு போனாள். பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிவிட்ட முருகனிடம் வெள்ளைப் புடவையும் விபூதியுமாக ஒளவை வந்து நிற்கிறாள் அல்லவா?

"கொட்டகையிலே அவ்வளவு பேரும் அந்த வெள்ளைப் புடவையைப் பார்த்துக் கன்னத்திலே போட்டுக்கிட்டாங்கடா" என்றாள் அத்தை. "அன்னைக்குக் காலையிலே நான் எதிரே வந்தேன்னு உங்க தாத்தா வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தாத்தா எனக்கு ரொம்ப நல்லவர்.

அந்தப் படத்தை அத்தை நாலு தடவை பார்த்தாளாம். நாலாவது தடவை பார்த்துவிட்டு வந்த ராத்திரி, ஆசிரியப் பயிற்சிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் போனாள். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். என் காலேஜ் சம்பளத்தைக் கட்டியவளும் அவள்தான். படிப்பை முடிக்காமல் நான் நின்றதில் அவளுக்கு வருத்தமே.

"நீ அவளைப் பத்தி எழுதினே. லட்ச ரூபாய் வாங்கினதை எழுதினியா?" என்று கேட்டாள்.

எழுதவில்லை. சினிமாவில் நடிக்க இஷ்டமில்லாமல், கேட்டவர் ஓடிப்போகட்டும் என்று அவர் லட்ச ரூபாய் கேட்டதாகவும், சரி என்று அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொல்வார்கள். 1935-ல் வெளிவந்த 'நந்தனார்' அது. ஒரு சவரன் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம். சங்கல்பத்துக்குப் பங்கம் வராமல், நந்தன் வேஷத்தையே அவர் போட்டுக்கொண்டார். பெண்ணுக்கு ஆண் ஜோடி வேண்டியதில்லை என்றால் பெண்ணே ஆணாகிவிடலாம்! அதற்குப் பிறகு 1940-ல் மணிமேகலை, 1953-ல் ஜெமினியின் 'ஒளவையார்', 1964-ல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 1973-ல் காரைக்கால் அம்மையார். வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் இலக்கியத்தில் குடும்பத்துக்கு வெளியே நடந்துபோன பெண்களையெல்லாம் ஒருவர் விடாமல் பொறுக்கி எடுத்தாற்போல் இருக்கிறது. அவர் தேடி எடுத்தாரா, வேறு வேஷம் யாரும் கொடுக்கவில்லையா என்பதை நான் சொல்லத் துணிய மாட்டேன்.

தேர்தல் மேடைகளில் காங்கிரசுக்காகப் பாடினார். சத்தியமூர்த்தி அவரை அந்தப் பக்கம் இழுத்தவர். மேல்சபை அங்கத்தினரானார். 'துணைவன்' படத்தில் பாடியதற்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. சொந்த ஊரில் சினிமாக் கொட்டகை கட்டினார். 1980-ல் காலமானார். நான் கொன்றுபோட்ட பெண்மணி செய்த காரியங்கள் இவ்வளவு.

"அப்படியானால் அவர் துக்கப்படவில்லை என்கிறாயா, அத்தை?" என்று கொஞ்சம் வீம்பாகவே கேட்டேன்.

"துக்கப்படாம என்ன? அதுபாட்டுக்கு அது. சோறு வடிக்கிறதில்லையா? ஒண்ணு கேக்கறேன், கிட்டப்பாவோட மூத்த சம்சாரத்தைப் பத்தி யாராவது எழுதினீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அத்தை எழுந்து காபி போடப் போய்விட்டாள்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு என் கதைகள் தொகுதியாக வந்தபோது அந்தக் கதையை எடுத்துவிட்டேன். முதல் பிரதியை அத்தைக்கு அனுப்பினேன். பொருளடக்கத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அதை ஏண்டா எடுத்தே? முடிவைத்தானே மாத்தச் சொன்னேன்?"

மாற்றி எழுத உட்காரத்தான் செய்கிறேன். பாடகன் இறக்கிற இடம் வரையில் பேனா தானாக ஓடுகிறது. அடுத்த நாள் காலையில் அவள் எழுந்து பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, வெளியூரிலிருந்து வந்திருக்கிற சினிமாக்காரரிடம் சம்பளம் பேச வேண்டும். அந்த இடத்தில் அவள் என்ன குரலில் பேசுவாள் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் கரூருக்குப் போகிறேன். அத்தையைத்தான் கேட்க வேண்டும்.